டைல்ஸ் தரைக்கு ரக் வாங்கப் போறீங்களா? டிசைனைப் பார்க்கும் முன் திருப்பிப் போட்டுப் பாருங்க!

காலை ஏழரை மணி. வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஹாலை மாப் போட்டுவிட்டு கிச்சனுக்குப் போயிருக்கிறார். சோபாவுக்கு முன்னால், போன வாரம் ஆன்லைனில் வந்த புது ரக். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, கையில் காபி டம்ளரோடு வந்து அதன் ஓரத்தில் கால் வைக்கிறார். ரக் ஒரு பக்கம் போகிறது, அம்மா இன்னொரு பக்கம்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் டைல்ஸ் போட்ட ஃபிளாட்டில் வயதான பெற்றோரோடு இருப்பவர்களுக்கு இதைக் கற்பனை செய்ய ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை.

உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். உயிரிழப்பவர்களில் அதிகம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இவர்கள் எல்லோரும் ரக் தடுக்கி விழுந்தவர்கள் அல்ல என்பது உண்மை. ஆனால், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, முதியவர்கள் வீட்டில் விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று வெளியிட்டிருக்கும் கையேட்டில் ரக் பற்றித் தனியாகவே சொல்கிறது: ஒன்று, சின்ன ரக்குகளை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவை நகராதபடி ஒட்டுங்கள்.

அப்படியானால் ரக்கே வேண்டாமா? அப்படியும் இல்லை. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் முழங்காலுக்கு அது மெத்தை. மேல் மாடி ஃபிளாட்டில், நாம் நடப்பதும் பொருள் விழுவதும் கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்பதைக் குறைக்கும். காலி ஹாலில் பேசினால் எதிரொலிக்கும் சத்தத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். வீடியோ மீட்டிங்கில் உங்கள் குரல் குகைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், அதற்கும் ரக் ஒரு மருந்து. அழகு என்பது இருக்கவே இருக்கிறது.

கேள்வி, எதை வாங்குவது, எப்படிப் போடுவது என்பதுதான்.

வழுக்குவது காலா, ரக்கா?

இன்றைய ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் விட்ரிஃபைட் டைல்ஸ். குஜராத்தின் மோர்பியிலிருந்து நாடு முழுக்கப் போகும் சரக்கு. களிமண், சிலிக்கா, ஃபெல்ட்ஸ்பார் கலவையை அழுத்தி, கிட்டத்தட்ட 1,200 டிகிரி வெப்பத்தில் சுடும்போது உள்ளே கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அதனால்தான் இது தண்ணீரைக் குடிப்பதே இல்லை. உறிஞ்சும் அளவு எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. கறை பிடிக்காது, துடைத்தால் பளிச்சென்று இருக்கும் என்று நாம் கொண்டாடும் குணம் இதுதான். ரக்குக்கு எதிரியும் இதே குணம்தான்.

வெறும் டைல்ஸில் வெறுங்காலோடு நடக்கும்போது, ஈரமில்லாவிட்டால் பாதம் தரையை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ரக் போட்டதும் கணக்கு மாறுகிறது. இப்போது பிடிப்பு இரண்டு இடங்களில் வேண்டும்: காலுக்கும் ரக்குக்கும் நடுவில் ஒன்று, ரக்குக்கும் டைல்ஸுக்கும் நடுவில் ஒன்று. மேலே சொரசொரப்பு இருப்பதால் கால் ரக்கைப் பிடித்துக்கொள்கிறது. கீழே பருத்தியோ பாலியஸ்டரோ மொழுமொழு டைல்ஸின் மேல் சும்மா கிடக்கிறது. நடக்கும்போது குதிகால் தரையை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலில் எந்தப் பிடிப்பு பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். அதாவது, நீங்கள் வழுக்குவதில்லை. ரக் உங்களைத் தூக்கிக்கொண்டு வழுக்குகிறது.

இதில் தூசியும் கூட்டு. ரக்குக்கு அடியில் சேரும் மெல்லிய தூசி, கேரம் போர்டில் தூவும் பவுடர் செய்யும் அதே வேலையைச் செய்யும். வாங்கிய புதிதில் நகராமல் இருந்த ரக், ஒரு மாதம் கழித்து நகர ஆரம்பிப்பதற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். சோபாவின் கால்களுக்கு அடியில் போகும் பெரிய ரக்கை, சோபாவின் எடையே பிடித்துக்கொள்ளும். நடு ஹாலில், கட்டிலோரத்தில், பாத்ரூம் வாசலில் தனியாகக் கிடக்கும் ரெண்டடி, மூணடி ரக்தான் ஆபத்தானது. பெரிய ரக்கை வாங்கும்போது பத்து கடை ஏறி இறங்குகிறோம். சின்னதை, பில் போடும் கவுன்ட்டர் பக்கத்தில் பார்த்து கையோடு எடுத்து வந்துவிடுகிறோம்.

‘ஆன்டி-ஸ்கிட்’ என்று போட்டிருக்கே?

ஆன்லைனில் தேடினால் பாதி ரக்குகளின் பெயரிலேயே ‘ஆன்டி-ஸ்கிட்’ இருக்கும். சிலவற்றில் அது உண்மை. சிலவற்றில் ஜமுக்காளத்தில் வடிகட்டின பொய்! அடிப்பக்கத்தின் படம் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், விமர்சனங்களில் வாங்கியவர்கள் போட்டிருக்கும் படங்களில் தேடுங்கள். மேல்பக்கத்தை ஆறு கோணத்தில் காட்டிவிட்டு அடிப்பக்கத்தை ஒருமுறைகூடக் காட்டாத விற்பனையாளரை நம்புவதில் அர்த்தமில்லை.

அடிப்பக்கத்தில் பொதுவாக இருப்பவை மூன்று. சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒட்டிய பிவிசி. மெல்லிய லேட்டக்ஸ் பூச்சு. கெட்டியான ரப்பர் ஷீட்.

புள்ளிகள் புதிதில் நன்றாகப் பிடிக்கும். நாலைந்து முறை துவைத்ததும் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பிக்கும். லேட்டக்ஸ் பூச்சுக்கு வெயிலும் சூடும் ஆகாது. வாஷிங் மெஷினில் சுடுதண்ணீர் செட்டிங், அப்புறம் மொட்டை மாடியில் உச்சி வெயில் என்று நாலு தடவை போனால், காய்ந்து, வெடித்து, மாவு மாதிரி கொட்டும். ரக்கை எடுத்தால் அடியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தூள் கிடக்கிறதா? அது தரையின் தூசி இல்லை. உங்கள் ‘ஆன்டி-ஸ்கிட்’ தான்.

கெட்டி ரப்பர் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதற்கு வேறு ஒரு குணம் உண்டு. ரப்பரிலும் மலிவான பிவிசியிலும் மென்மைக்காகவும் கெட்டுப்போகாமல் இருப்பதற்காகவும் சேர்க்கும் ரசாயனங்கள், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்திக் கிடந்தால் தரைக்கு இறங்கும். வினைல் தரையில் இது விடும் மஞ்சள் கறை போகவே போகாது. டைல்ஸ் அந்த அளவுக்கு மோசமில்லை. மேலே கண்ணாடிப் பூச்சு உள்ள ஜிவிடி டைல்ஸில் பெரும்பாலும் பிசுபிசுப்போடு நின்றுவிடும், துடைத்து எடுத்துவிடலாம். தேய்த்து பாலிஷ் போட்ட டைல்ஸில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். டைல்ஸ் ஜாயின்ட்டில் உள்ள கிரவுட்டோ நன்றாகவே உறிஞ்சும். கறை தங்குவது அங்கேதான். வாடகை வீடு என்றால், காலி பண்ணும்போது அட்வான்ஸ் பேச்சுவார்த்தையில் இது ஒரு பாயின்ட் ஆகலாம்.

ஆக, ரக்கிலேயே ஒட்டிவரும் பிடிப்பை நம்புவதைவிட, அடியில் தனியாக ஒரு ரக் பேட் போடுவதே டைல்ஸ் தரைக்குச் சரியான வழி. ரக்கைத் துவைக்கலாம், வெயிலில் போடலாம், பிடிப்பு போகாது. பேட் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

பேட்டிலும் தரம் உண்டு. அலமாரித் தட்டில் விரிக்கும் வலை மாதிரி இருக்கும் மலிவான பிவிசி, சின்ன ரக்குக்குச் சில மாதம் தாங்கும். மேலே ஃபெல்ட், கீழே இயற்கை ரப்பர் என்று இரண்டு அடுக்காக வருவது விலை கூடுதல். ஆனால் பெரிய ரக்குக்கு அதுதான் லாயக்கு, காலுக்கும் மெத்தென்று இருக்கும். பேட், ரக்கைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் சின்னதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே தடுக்கும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் உடனடித் தீர்வு. ஆனால் தினமும் தூக்கித் துடைக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது. பசையைச் சுரண்டுவது தனி வேலை.

பேட் போட்டாலும் தூசிப் பிரச்சினை போகாது. மாதம் ஒருமுறை பேட்டின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தால் பிடிப்பு திரும்பும். பலர் பேட் வீணாகிவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பதில்லை.

ஈரம் எங்கே போகும்?

குளிர் நாடுகளில் ரக் போடுவதற்கு முதல் காரணம் கதகதப்பு. நமக்கு அது தேவையே இல்லை. சொல்லப்போனால், சித்திரை வெயிலில் டைல்ஸ் ஜில்லென்று இருப்பதுதான் வரம். ரக்கும் டைல்ஸும் ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. டைல்ஸ் காலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, ரக் இழுப்பதில்லை. ஜில்லிப்பின் ரகசியம் அவ்வளவுதான். அதனால் ஹால் முழுக்கக் கார்ப்பெட் போட்டு மூடுவது, சென்னை, தூத்துக்குடி மாதிரியான கடலோர ஊர்களில் காசு கொடுத்துப் புழுக்கத்தை வாங்குவது.

நம் ஊர்ப் பிரச்சினை ஈரம். மாப் போட்ட தண்ணீர் முழுசாகக் காயும் முன் ரக்கை விரித்துவிட்டால், டைல்ஸ் அதை உறிஞ்சப்போவதில்லை. ஆவியாகப் போகவும் வழியில்லை. மிச்சம் இருப்பது ரக் ஒன்றுதான். மூன்றாம் நாள் ஹாலில் ஏதோ வாடை வருகிறதே என்று எல்லோரும் குப்பைத் தொட்டியைச் சந்தேகிப்பார்கள்.

இந்த ஈரத்தை மனதில் வைத்துதான் ரக் எதில் செய்தது என்று பார்க்க வேண்டும்.

சணல் ரக், போட்டோவில் ரொம்ப அழகாக இருக்கும். இன்ஸ்டாவில் பார்க்கும் ‘போஹோ’ வீடுகளில் பாதியில் அதுதான். ஆனால் சணல் ஈரத்தைக் குடித்து, பழுப்புக் கறை ஏறி, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் ஊற்றித் துவைக்கவும் முடியாது. பால்கனிக் கதவு பக்கம், டைனிங் டேபிள் அடி – ரெண்டுக்கும் வேண்டாம்.

விஸ்கோஸ் இன்னும் மோசம். ‘ஆர்ட் சில்க்’, ‘பாம்பூ சில்க்’ என்று பளபளப்பாக விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். நனைந்தால் இழை பலமிழக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினாலே வளையமாகக் கறை நிற்கும். குழந்தை இருக்கும் வீட்டில் இதை வாங்குவது, சஞ்சலத்தை வாங்குவது மாதிரி.

கம்பளி விலை அதிகம், ஆனால் உழைக்கும். தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாத அதிசய இழை அது. நம் ஊரில் அதுவே வினை: காய்ந்துவிட்டது என்று நினைத்து மடித்துவைத்தால் வாடை வரும், பூச்சி அரிக்கும். கம்பளி வாங்கினால் விரித்தே வைத்திருங்கள். பரணில் போட வாங்காதீர்கள்.

பாலிபுரொப்பிலீன் பெயரைக் கேட்டால் கடைக்காரரிடம் பேசவே தயக்கமாக இருக்கும், பிளாஸ்டிக்தானே என்று. ஆனால் அது தண்ணீரைக் குடிப்பதில்லை, கறை சீக்கிரம் ஏறாது, விலையும் குறைவு. சாம்பார் சிந்தும் சாத்தியம் உள்ள எல்லா இடத்துக்கும் இதுவே புத்திசாலித்தனம். நாலைந்து வருடத்தில் நடக்கும் தடத்தில் அமுங்கிப்போகும். அதற்குள் வீடே மாறியிருப்பீர்கள்.

புசுபுசுவென்று இருக்கும் ‘ஷேக்’ ரக் பற்றி ஒரு வார்த்தை. கால் வைத்தால் சொர்க்கம்தான். ஆனால் அந்த நீள முடிக்குள் போகும் மிக்சர், முடி, தூசி எதுவும் திரும்பி வராது. தூசிப் பூச்சிகளுக்கு ஈரக் காற்று பிடிக்கும். நம் கடலோரக் காற்றில் அவற்றுக்குக் குறையே இல்லை. வீட்டில் ஆஸ்துமாவோ காலைத் தும்மலோ இருப்பவர்கள் இருந்தால் இழை குட்டையான, அல்லது இழையே இல்லாத தட்டை நெசவு ரக் போதும்.

அந்தத் தட்டை நெசவு, நம்ம வீட்டுப் பரண்லயே இருக்கலாம்

கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன் உட்கார, பள்ளி ஆண்டு விழாவில் முதல் வரிசைக் குழந்தைகளுக்கு, மொட்டை மாடியில் நிலாச் சோற்றுக்கு – எல்லாவற்றுக்கும் விரித்த அதே ஜமுக்காளம்தான் டைல்ஸ் தரைக்கு ஏற்ற ரக்குகளில் ஒன்று. ஈரோடு மாவட்டம் பவானியில் கைத்தறியில் நெய்யப்படும் பவானி ஜமுக்காளம், புவிசார் குறியீடு பெற்ற பொருள். தடிமனான பருத்தி நூலை நெருக்கி அடித்து நெய்த தட்டைத் துணி. பட்டை பட்டையாக அடர்ந்த நிறங்கள். இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். அடியில் பசையோ ரப்பரோ கிடையாது. வெயிலில் போட்டால் காய்ந்துவிடும். ஐவரி நிற டைல்ஸில் அந்தச் சிவப்பும் பச்சையும் நீலமும் எடுப்பாக இருக்கும் என்பது போனஸ்.

1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி, கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஜமுக்காளமும் ஒன்று. ஆனாலும் விசைத்தறிப் போலிகள் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பவானியில் தறிகள் குறைந்துவருவதற்கு நெசவாளர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. வாங்கும்போது கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் வாங்குவது இன்னும் நல்லது.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ரக் பேட் இல்லாமல் டைல்ஸில் விரித்தால், எல்லா ரக்கையும்விட அதிகமாக நழுவுவதும் ஜமுக்காளம்தான். மெல்லிசு, எடை குறைவு, அடிப்பக்கம் வழவழப்பு. உட்காருவதற்காக விரித்து, எழுந்ததும் மடித்துவைத்த காலத்தில் இது பிரச்சினை ஆகவில்லை. அதன் மேல் நாள் முழுக்க நடப்பது நம் தலைமுறையின் பழக்கம். பத்தமடை கோரைப் பாய்க்கும் இதே கதைதான். அதை விரித்துப் படுக்கலாம், உட்காரலாம். நடைபாதையில் போடக் கூடாது.

கார்ப்பெட் ரகங்களுக்குப் போனால் உத்தரப் பிரதேசத்தின் பதோஹி. அங்கிருந்து வருபவற்றில் ‘ஹேண்ட்மேட்’ என்று எழுதியிருந்தாலே கையால் முடிச்சுப் போட்டது என்று அர்த்தமில்லை. திருப்பிப் பாருங்கள். மேலே உள்ள டிசைன் அடியிலும் அப்படியே தெரிந்தால், முடிச்சு போட்டு நெய்தது. பல பத்தாண்டுகள் இருக்கும். அடியில் ஒரு துணி ஒட்டி டிசைனை மறைத்திருந்தால், அது ‘டஃப்டட்’. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைக் குத்தி, பின்னால் லேட்டக்ஸ் பசை பூசி, துணியால் மூடியது. பசை காய்ந்ததும் நூல் கழன்று வரும். டஃப்டட் வாங்குவது தப்பில்லை; முடிச்சுக் கார்ப்பெட்டின் விலை கொடுத்து வாங்குவதுதான் தப்பு.

கார்ப்பெட் தறிகளில் குழந்தைகள் வேலை செய்தது இந்தத் தொழிலின் இருண்ட பக்கம். அதை எதிர்த்துப் போராடியவர்களில் ஒருவர், 2014ஆம் ஆண்டு அமைதி நோபல் பெற்ற கைலாஷ் சத்யார்த்தி. அவர் முன்னெடுத்து 1990களில் தொடங்கிய ‘ரக்மார்க்’ சான்றிதழ்தான் இப்போது ‘குட்வீவ்’ என்ற பெயரில் இருக்கிறது. பெரிய தொகை கொடுக்கும்போது அந்த லேபிள் இருக்கிறதா என்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.

தரையே கிராஃப் பேப்பர்

அளவில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். மொபைல் திரையில் சோபா முன்னால் கம்பீரமாகத் தெரிந்த ரக், வீட்டுக்கு வந்ததும் கால்மிதி சைஸில் கிடக்கும்.

டேப் தேட வேண்டாம். உங்கள் ஹாலில் இருப்பது சதுர டைல்ஸ் என்றால் அது பெரும்பாலும் 600 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ரெண்டுக்கு ரெண்டு அடி. ஒரே ஒரு டைலை மட்டும் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் எண்ணினால் போதும். நாலுக்கு ஆறு ரக் என்றால் இரண்டு டைல் அகலம், மூன்று டைல் நீளம். ஐந்துக்கு எட்டு என்றால் இரண்டரைக்கு நான்கு. ஆன்லைனில் சென்டிமீட்டரில் போட்டிருந்தால் 60ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 120க்கு 180 என்பது இரண்டுக்கு மூன்று டைல்.

இப்போது அந்த அளவுக்குப் பழைய பெட்ஷீட்டையோ செய்தித்தாளையோ விரித்து ஒரு நாள் நடந்து பாருங்கள். சோபாவின் முன்கால்களாவது ரக்கின் மேல் வர வேண்டும். பார்க்க நன்றாக இருக்கும் என்பதைவிட, முன்பே சொன்ன காரணம் முக்கியம்: சோபா அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு ஐந்துக்கு எட்டு சரியாக வரும். டைனிங் டேபிளுக்கு அடியில் போடுவதென்றால், நாற்காலியைப் பின்னால் இழுத்த பிறகும் அதன் நாலு கால்களும் ரக்கின் மேலேயே இருக்க வேண்டும். அதற்கு டேபிளைச் சுற்றி இரண்டடி கூடுதல் வேண்டும். அந்த அளவுக்கு நம் ஃபிளாட்டுகளில் இடம் இருப்பதில்லை. நம் கையால் சாப்பிடும் பழக்கத்துக்கு டைனிங் டேபிள் அடியில் ரக்கே வேண்டாம் என்பது இன்னும் நேர்மையான பதில்.

கதவையும் மறக்க வேண்டாம். உள்பக்கம் திறக்கும் கதவுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி என்று, மடித்த அட்டையைச் சொருகிப் பாருங்கள். ரக், பேட் இரண்டும் சேர்ந்த தடிமன் அதற்குள் அடங்க வேண்டும். ரோபோ வேக்கும் வைத்திருப்பவர்கள், அது எவ்வளவு உயரம் ஏறும் என்பதை அதன் மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஓரத்தில் குஞ்சம் தொங்கும் ரக் அதற்குப் பரம எதிரி.

இதை யார் தூக்கப் போறாங்க?

வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. நம் வீடுகளில் தினமும் இல்லையென்றாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் தரையைத் துடைக்கிறோம். ஒவ்வொரு முறையும் ரக்கைச் சுருட்டி, நிமிர்த்தி வைத்து, தரை காய்ந்ததும் விரிக்க வேண்டும். அதைச் செய்யப்போவது ஆன்லைனில் ஆர்டர் போட்டவராக இருப்பது அபூர்வம்.

எடையைக் கணக்குப் போடுவது சுலபம். ரக்கின் விவரத்தில் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது அது. ஐந்துக்கு எட்டு அடி என்பது சுமார் 3.7 சதுர மீட்டர். 2,000 ஜிஎஸ்எம் என்றால் ஏழரைக் கிலோ. பேட்டையும் சேர்த்தால் ஒன்பது, பத்துக் கிலோ. முதுகு வலியோடு மூன்று வீடு வேலை பார்க்கும் ஒருவர் அதைத் தினமும் தூக்க மாட்டார்; சுற்றித் துடைத்துவிட்டுப் போவார். அது அவர் தப்பு இல்லை. அடியில் ஈரம் தேங்குவது அப்படித்தான்.

துவைப்பதற்கும் இதே கணக்கு. ஏழு கிலோ மெஷின் என்பது காய்ந்த துணியின் எடை. 1,000 ஜிஎஸ்எம் பருத்தி ரக், நாலுக்கு ஆறு அளவில் இரண்டேகால் கிலோவுக்குள் வரும், தாராளமாகப் போடலாம். அதற்கு மேல் கனமானவற்றை டிரம்மில் திணித்தால், நனைந்த எடையில் மெஷின் குதிக்கும்.

ராத்திரி ரெண்டு மணி வழித்தடம்

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் படுக்கையிலிருந்து பாத்ரூமுக்கு நடக்கும் வழியை ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு நடந்து பாருங்கள். தூக்கக் கலக்கத்தில், கண்ணாடி போடாமல், காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் ரக் எதுவும் இருக்கக் கூடாது. பேட் போட்டதும் கூடாது. இழுத்து நடக்கும் காலுக்கு, நழுவாத ரக்கின் ஓரமும் ஒரு படிதான். முனை சுருண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பாத்ரூம் வாசலில் கால்மிதி இல்லாமலும் முடியாது. ஈரக் காலோடு டைல்ஸில் நடப்பது அதைவிட ஆபத்து. அங்கே மட்டும் ரப்பர் அடிப்பாகம் உள்ள, மெல்லிய, ஓரம் சரிவான கால்மிதியாகப் பாருங்கள். இரண்டு வாங்கிவிட்டால், நனைந்ததை உடனே மாற்றலாம். பழைய டவலை நாலாக மடித்துப் போடும் வழக்கத்தை இன்றே நிறுத்திவிடுவது நல்லது. வழுக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

புது ரக் வந்த அன்று, டேகைக் கிழிக்கும் முன் மூன்று காரியம். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் துணியில் ஏறினால் நாளை டைல்ஸ் ஜாயின்ட்டிலும் ஏறும். சுருட்டி வந்ததால் மேலே வளைந்திருக்கும் முனைகளை, எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மறுநாளும் நிமிர்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, பேட்டோடு தரையில் விரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலால் ரக்கின் ஓரத்தைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளுங்கள். நகர்ந்தால் ஆப்பைத் திறந்து ‘ரிட்டர்ன்’ போடுங்கள். நாள் கணக்கு டெலிவரி தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும்.